ஐந்து பெட்டி பேரீச்சம்பழம்

எங்கள் கட்டடத்தில் லிப்ட் ஒன்றுதான். அதுவும் வாரத்தில் இரண்டு நாள் படுத்துக்கொள்ளும். நாலாம் மாடியில் 403 எங்கள் வீடு, 404 பத்மநாதன் அண்ணன் வீடு. அஜ்மானில் வாடகை குறைவு என்று வந்து சேர்ந்தவர்கள்தான் எல்லோரும். காலையில் ஐந்து மணிக்கு முழுக் கட்டடமும் துபாய்க்கும் சார்ஜாவுக்கும் இறங்கி ஓடும், இருட்டின பிறகு திரும்பி வரும்.

நான் பள்ளிக்கூட பஸ்ஸில் ஆயா. கோவில்பட்டிக்காரி, பேர் ஜோதிமணி. வீட்டுக்காரர் சோலைமுத்து ருவைஸ் பக்கம் கேம்பில் சாரம் கட்டுகிற ஃபோர்மேன், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முகத்தைக் காட்டுவார். என் வேலை பெரிய வேலை ஒன்றுமில்லை. முப்பத்துநாலு பிள்ளைகளை ஏற்றும்போது எண்ண வேண்டும், இறக்கும்போது எண்ண வேண்டும், இறக்கின பிறகு கடைசி சீட் வரைக்கும் நடந்துபோய் எவனாவது தூங்கிக் கிடக்கிறானா என்று பார்க்க வேண்டும். ஒன்பது வருஷமாக எண்ணி எண்ணி, எங்கே நாலு பேர் கூடி நின்றாலும் என் வாய் தன்னால் முணுமுணுக்க ஆரம்பித்துவிடும்.

பத்மநாதன் அண்ணன் யாழ்ப்பாணம் உரும்பிராய்க்காரர். இருபத்தொன்பது வருஷம் இங்கே. சுவரிலும் தரையிலும் டைல்ஸ் ஒட்டுகிற பசை விற்கிற கம்பெனியில் சேல்ஸ். ஒரு பிளாட்டுக்கு எத்தனை மூட்டை போகும் என்று கேட்டால் காரை ஓட்டிக்கொண்டே சொல்வார், கால்குலேட்டர் எடுத்து நான் பார்த்ததில்லை. நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் முந்தின வாரம் அவர் கார் டிக்கி நிறையப் பெட்டிகளாக இருக்கும். பேரீச்சம்பழம், பாதாம், அத்தர். காண்ட்ராக்ட் கம்பெனிகளின் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிக் கொடுத்துவிட்டு வருவார். அதில் அவருக்கு ஒரு சட்டம் உண்டு.

"குடுக்கிற அண்டைக்கு ஓடரைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, தங்கச்சி. நீங்கள் சுகமோ, பிள்ளையள் சுகமோ, அவ்வளவுதான். கேட்டுக் குடுத்தா அது லஞ்சம். கேக்காமல் குடுத்தா மரியாதை" என்பார்.

அப்படி இருபத்தொன்பது வருஷம் ஓட்டின மனிதர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விசா புதுப்பித்து, இரத்தம் கொடுத்து, நெஞ்சைப் படம் எடுத்து, மறுபடியும் இரண்டு வருஷம். 'நிரந்தரம்' என்ற சொல்லை அவர் வாயில் கேட்டால் ஏதோ சாமி பேரைச் சொல்கிற மாதிரி இருக்கும். ஒரே மகள் கஜானிக்கு அது கிடைக்க வேண்டும், அவருக்கு வேறு ஆசை கிடையாது.

கஜானி சார்ஜாவில் பிறந்தவள். ஏழு வயதில் ஒரு ஆர்மீனியக்கார அம்மாவிடம் வயலின் படித்தாள். பதினேழு வயதில் ஜெர்மனியில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போய் அங்கே சங்கீதக் கல்லூரியில் சேர்ந்து, வயலினை விட்டு வியோலாவுக்கு மாறினாள். அது வயலின் மாதிரியேதான், நாலு விரல் பெரிசு, குரல் கொஞ்சம் கம்மினாப்போல இருக்கும். இப்போது ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர் ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை. ஊர்ப் பேர் என் வாயில் நுழையாது. அண்ணன் வீட்டம்மா சிவகொழுந்து அக்காவுக்கும் நுழையாது. நாங்கள் 'கஜானியின்ர ஊர்' என்றே சொல்லிக்கொள்வோம்.

அந்த ஆர்க்கெஸ்ட்ரா போன மார்ச் மாதம் துபாய்க்கு வாசிக்க வந்தது. ஒரு வாரம், இரண்டு கச்சேரி. வியாழக்கிழமை அரைநாள் லீவு கிடைத்ததென்று கஜானி அஜ்மானுக்கு ஓடி வந்தாள். நான் பஸ் டூட்டி முடிந்து நாலு மணிக்கு ஏறி வந்தபோது படிக்கட்டு முழுக்க நண்டுக் குழம்பு வாசம். உள்ளே சிவகொழுந்து அக்கா அரிசிமா புட்டை அவித்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"வா ஜோதிமணி, இரு. நீயும் சாப்பிடு. பார் இவளை, எலும்பும் தோலுமா வந்து நிக்கிறாள்."

"அம்மா, அங்க வாரத்துக்கு எட்டு டியூட்டி. சாப்பிட எங்க நேரம்?" என்றாள் கஜானி.

"டியூட்டியா? சங்கீதத்துக்குமா டியூட்டி?" என்று கேட்டேன் நான்.

"ஓம் அன்ரி. அப்பிடித்தான் சொல்லுவினம். ரிகர்சல் ஒரு டியூட்டி, கொன்சேர்ட் ஒரு டியூட்டி. பஸ்ஸில ஒண்டரை மணித்தியாலம் போய் ஒரு ஸ்கூல் ஹோலில வாசிச்சிட்டு அதே பஸ்ஸில திரும்புவம். குளிர் காலத்தில ஹீற்றரும் வேலை செய்யாது. சோனாப்பூரில கூலி ஆக்களை ஏத்திற கேம்ப் பஸ் மாதிரித்தான் எங்கட பஸ்ஸும்."

சிவகொழுந்து அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் சொன்னதையெல்லாம் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிற மனுஷி.

"சும்மா ஆக்களில்லை ஜோதிமணி. வெள்ளிச் சுரங்கத்தில வேலை செய்த ஆக்கள் துவங்கினதாம், நூற்றிமுப்பது வருஷத்துக்கு முன்னம். செத்துப்போன ஆக்களின்ர பெண்சாதிமாருக்கு உதவ வாசிச்சவையாம். உலகச் சண்டை முடிஞ்ச காலத்தில உடைஞ்ச சேர்ச்சுக்குள்ள கோட்டைப் போட்டுக்கொண்டு வாசிச்சவை. கேக்க வாற சனம் ஆளுக்கொரு நிலக்கரிக் கட்டி கொண்டரவேணும், அதுதான் டிக்கற். எங்கட சண்டைக்குள்ள ஆர் உப்பிடி வாசிச்சது, சொல்லு?"

"பேந்து கிழக்கு ஜெர்மனியும் மேற்கும் ஒண்டாச் சேர்ந்த உடனே பக்கத்து ஊர் ஓர்க்கெஸ்ட்ராவையும் இதையும் ஒண்டாக்கினவை" என்றாள் கஜானி. "நூற்றிப்பத்துப் பேர் இருந்த இடத்தில இப்ப ஐம்பத்தேழு பேர். ஆரும் பென்ஷன் எடுத்தா அவை இருந்து வாசிச்ச கதிரையை அப்பிடியே இல்லாமல் ஆக்கிப்போடுவினம். என்ர கதிரைக்கே நாலு வருஷம் சண்டை பிடிச்சுத்தான் ஆள் எடுத்தவை."

பத்மநாதன் அண்ணன் அப்போதுதான் ஆபீஸிலிருந்து வந்து டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"கதிரை நிரந்தரம் எப்ப பிள்ளை?"

"அதைத்தான் சொல்ல வந்தனான் அப்பா. இருபத்தேழாம் திகதி வோட்டிங்."

"என்ன வோட்டிங்?"

"என்ர ப்ரொபேஷன் வருஷம் முடியுதெல்லோ. எல்லாரும் துண்டில ஓம், இல்லை எண்டு எழுதிப் போடுவினம். ஓம் கூட விழுந்தா நான் ரிட்டயர் ஆகுமட்டும் இருக்கலாம்."

"முதலாளி சொன்னாக் காணாதோ?"

"முதலாளி எண்டு ஒருத்தரும் இல்லை. கொண்டக்டர் கூட ஆளை வையுங்கோ எண்டு சொல்ல ஏலாது. பக்கத்தில இருந்து வாசிக்கிறவைதான் முடிவெடுக்கிறது. முதலில எங்கட வியோலாக்காரர் அஞ்சு பேரும் சொல்லுவினம். பேந்து மற்றவை."

அண்ணன் புட்டுத் தட்டோடு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவள் வேலைக்கு எடுபட்ட கதையை நூறாவது தடவையாகச் சொல்லச் சொன்னார். அவளும் சொன்னாள். மேடைக்குக் குறுக்கே திரை கட்டியிருந்தார்களாம். வாசிக்கிறவர் யார், எந்த ஊர், கறுப்பா வெள்ளையா, ஒன்றும் தெரியக் கூடாது. சப்பாத்துச் சத்தத்தை வைத்து ஆணா பெண்ணா என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளம். பேர் கிடையாது, நம்பர்தான். கஜானி பதினேழாம் நம்பர்.

"திரையைத் திறந்த பிறகுதான் என்னைப் பாத்தவை. பாத்திட்டு எல்லாரும் கை தட்டினவை" என்றாள். அதைச் சொல்லும்போது அந்தப் பிள்ளை முகம் விளக்கு ஏற்றினாப்போல ஆகிவிடும்.

"உனக்குப் பக்கத்தில இருக்கிறவர் எப்பிடி?"

"கெஸ்லரோ? முப்பத்தொரு வருஷமா வாசிக்கிறார். வாயே திறக்க மாட்டார். போன வருஷம் ஒரு ஜப்பான் பெடியனுக்கு இல்லை எண்டிட்டினம் அப்பா. நல்லா வாசிச்சவன். சத்தம் சேரேல்லையாம்."

அண்ணன் கை புட்டிலேயே நின்றுவிட்டது. மகள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, சனிக்கிழமை காலமை ரிகர்சலுக்குக் குடும்பக்காரர் வரலாம். வாங்கோ. அன்ரி, நீங்களும் வாங்கோ. ஆனா வோட்டைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்கக் கூடாது. ப்ரொமிஸ்?"

"சத்தியமாக் கதைக்க மாட்டன் பிள்ளை."

அந்தச் சத்தியத்தை மனிதர் கடைசிவரை காப்பாற்றினார். அதுதான் கொடுமையே.

மறுநாள் வெள்ளி. தொழுகை முடிந்து கடைகள் திறக்கிற நேரத்தில் கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, சார்ஜா ரோலா வரைக்கும் ஒரு எட்டு வாறியோ? பொம்பிளை ஆள் நிண்டு பாத்தாத்தான் சரி."

போனால் நகைக்கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னச் சின்னத் தங்கக் காசு, ஆளுக்கு அரைப் பவுன் கணக்கில் ஐந்து வேண்டும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன அண்ணே இது, ஆருக்கு?"

"வியோலாக்காரர் அஞ்சு பேர். பேரீச்சம்பழப் பெட்டிக்குள்ள, பழத்துக்குக் கீழ வச்சிடலாம்."

"பழம் மட்டும் குடுத்தாப் போதாதா? தங்கம் எதுக்கு? தப்பா நெனச்சிட்டாகன்னா?"

"பெரிய ஆக்களுக்கு வெறும் பழம் குடுத்தா மட்டுத்தட்டின மாதிரி. நான் ஒண்டும் கேக்கப் போறேல்லையே. சுகமோ எண்டு கேட்டு, குடுத்திட்டு வந்திடுவன். வீட்டுக்குப் போய்த் திறந்து பாக்கேக்க தானா விளங்கும்."

"கஜானிக்குத் தெரியுமா?"

"அவளுக்கு உந்த மரியாதையள் விளங்காது தங்கச்சி. சிவகொழுந்துக்கும் சொல்லாதை, அவள் வாய் நிக்காது."

எனக்கு உள்ளுக்குள் ஒன்று உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் எதிர்த்துப் பேச மனசு வரவில்லை. இத்தனை வருஷமாக இந்த ஊரில் பிழைத்த மனிதர், நமக்குத் தெரியாததா அவருக்குத் தெரியாமல் இருக்கப் போகிறது என்று நினைத்தேன். கடைக்கார மலையாளிப் பையன் இரண்டு மாதிரி எடுத்துப் போட்டான், ஒன்றில் பூ, ஒன்றில் பேரீச்ச மரம். "மரம் போட்டது நல்லாருக்கு அண்ணே" என்று கையைக் காட்டினது நான்தான். பாவி நான்தான்.

சனிக்கிழமை காலையில் பனிமூட்டம் கண்ணை மறைத்தது. முன்னால் போகிற லாரியின் பின்விளக்கு மட்டும்தான் தெரிந்தது. முஹைஸ்னா தாண்டும்போது கேம்ப் பஸ்கள் வரிசையாக வெள்ளை வெள்ளையாக வந்தன, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்குகிற ஆட்கள். அக்கா நல்ல மயில்கழுத்துப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். அண்ணன் கோட். ஐந்து பெட்டியும் என் மடியில் இருந்தது.

அரங்கத்துக்குள் ஒரே குளிர். எங்களையும் சேர்த்துக் கேட்க வந்தவர்கள் இருபது பேர் இருக்கலாம். மேடையில் சாதாரணச் சட்டை, கால்சட்டையோடு வந்து உட்கார்ந்தார்கள். என் வாய் எண்ண ஆரம்பித்துவிட்டது, ஐம்பத்தேழு. கஜானி வியோலா வரிசையில் கடைசி, பக்கத்தில் உயரமாக, கூனினாப்போல ஒரு நரைத்தலை மனிதர். அவர்தான் கெஸ்லர்.

நான் என்னமோ பாட்டுக் கேட்கப் போகிறோம் என்று நினைத்தேன். அது கட்டட வேலை மாதிரி இருந்தது. நாலு வரி வாசிப்பார்கள், கண்டக்டர் நிறுத்துவார், ஏதோ சொல்வார், பென்சிலால் தாளில் குறிப்பார்கள், மறுபடியும் அதே நாலு வரி. ஒரு இடத்தைப் பதினொரு தடவை வாசித்தார்கள், எண்ணினேன். முகத்தில் ஒருவருக்கும் சலிப்பு இல்லை. நடுவில் மணி பதினொன்று இருபது ஆனதும் பாதிப் பாட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், பிரேக்காம். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எங்கள் பஸ் கம்பெனியில் எவன் இப்படி எழுந்திருப்பான்?

பிரேக்கில் கஜானி ஓடி வந்தாள்.

"கேட்டுச்சா அன்ரி?"

"எல்லாம் கேட்டுச்சு ஆத்தா. ஓன் சத்தம் மட்டும் தனியாக் கேக்கவே இல்ல."

அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "அதுதான் அன்ரி வேணும். தனியாக் கேட்டா நான் பிழையா வாசிக்கிறன் எண்டு அர்த்தம். ஒரு வருஷமா அதுக்குத்தானே பாடுபடுறன்."

ஒரு மணிக்கு முடிந்தது. பனி விலகி நல்ல வெயில். வெளியே அவர்கள் பஸ் நின்றது. கஜானி உள்ளே வாத்தியத்தைப் பெட்டியில் வைத்து ஒப்படைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் பஸ் வாசலில் போய் நின்றுகொண்டார். வியோலாக்காரர்கள் வர வர, இரண்டு கையாலும் பெட்டியை நீட்டினார்.

"ஐ ஆம் கஜானிஸ் ஃபாதர். வெல்கம், வெல்கம். ஹவ் இஸ் யுவர் ஃபேமிலி?"

அவ்வளவுதான் பேசினார். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. வரிசைக்குத் தலைவி லிண்ட்னர் என்கிற அம்மா நெஞ்சில் கை வைத்து நன்றி சொன்னார். கெஸ்லர் கடைசியாக வந்தார். பெட்டியை வாங்கி மூடியைத் திறந்து ஒன்றை எடுத்து அங்கேயே வாயில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடி மென்றார். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார், வேலை முடிந்தது என்கிற மாதிரி.

கஜானி வந்து ஏறினாள். ஜன்னலுக்குள்ளிருந்து கெஸ்லர் தின்பதைக் காட்டி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். பேரீச்சம்பழம்தானே, அவளுக்கென்ன தெரியும்? அந்தப் பிள்ளை சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு விமான நிலையத்திலிருந்து போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். நான் கறிவேப்பிலை வாங்க வந்து வாசலில் நின்றிருந்தேன்.

"அப்பா, பெட்டிக்குள்ள என்ன வச்சனீங்கள்?"

"என்ன பிள்ளை, பிடிச்சுதோ அவைக்கு?"

"என்ன வச்சனீங்கள் எண்டு கேக்கிறன்!"

அக்கா புருஷனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னப்பா வச்சனீங்கள்?"

"சின்னக் காசு. ஒரு மரியாதைக்கு."

"தங்கக் காசு அம்மா. அஞ்சு தங்கக் காசு." கஜானி அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "லிண்ட்னர் இரவு எல்லாரையும் கூப்பிட்டுக் காசுகளை மேசையில வச்சவ. ஓர்க்கெஸ்ட்ராக் கொமிற்றி கூடி எல்லாத்தையும் எழுதி வச்சவை. எனக்குத் தெரியுமோ எண்டு கேட்டவை. தெரியாது எண்டு சொன்னனான்."

"நம்பினவையோ?" என்று கேட்டார் அண்ணன்.

"நம்பினவை எண்டுதான் சொல்லினம்."

"பேந்தென்ன பிள்ளை? நான் ஒரு கடிதம் எழுதுறன். விளங்கப்படுத்தி..."

"அப்பா, உங்களைக் கும்பிடுறன், ஒண்டும் செய்யாதேங்கோ. எழுதாதேங்கோ. அத்தையை அனுப்பாதேங்கோ. ஒண்டும்!"

ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரியாத மனிதர் பத்தொன்பது நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தார். ஆபீஸ் போவார், வருவார், சோபாவில் உட்கார்ந்து அணைத்து வைத்த டிவியைப் பார்ப்பார். சிவகொழுந்து அக்கா முதல் வாரம் புருஷனோடு பேசவில்லை. இரண்டாம் வாரம் இரக்கப்பட்டு இடியப்பம் அவித்து வைத்தார், அது காய்ந்து நூலாகிக் கிடந்தது. நான் பாதிப் பழி என் தலையில் என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்து, சொல்லாமல் திரும்பினேன்.

"அவளுக்கு வேலை போனா விசாவும் போயிடுமெல்லோ ஜோதிமணி?" என்று அக்கா கேட்பார். "இஞ்சயும் இவருக்கு அடுத்த வருஷம் அறுபது. கம்பெனி ஹலாஸ், முடிஞ்சுது எண்டிடும். ஊரில வீடிருந்த இடத்தில கிணறு மட்டும்தான் கிடக்கு. பிள்ளையை எங்க கூட்டிக்கொண்டு போறது?"

"நல்லதே நடக்கும் அக்கா" என்பேன். அதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?

இருபத்தேழாம் தேதி மதியம் இரண்டரைக்கு, நான் பஸ்ஸிலிருந்து கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நேராக 404-க்குப் போனேன். அண்ணன் லீவு போட்டிருந்தார். போன் மேசையில் கிடந்தது. மூன்று மணிக்கு அடித்தது.

"இல்லை எண்டிட்டினம் அப்பா."

அக்கா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அந்தப் பெட்டியை நீட்டின மாதிரியே.

"நான் ஒண்டும் கேக்கேல்லையே பிள்ளை. ஒரு சொல்லும் கதைக்கேல்லை. ஜோதிமணி சாட்சி."

"ஓம் அப்பா. நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை." பிறகு சொன்னாள்: "அவை என்னைத் திரைக்குப் பின்னால வச்சு எடுத்தவை அப்பா. முகம் பாக்காமல், ஆரின்ர பிள்ளை எண்டு பாக்காமல் எடுத்தவை. அந்த ஒண்டுதான் என்னட்ட இருந்தது."

போன் வைத்துவிட்டாள்.

சாயங்காலம் எனக்குத் தனியாகக் கூப்பிட்டாள். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன், கையைக் கூடக் கழுவவில்லை.

"அன்ரி, உங்களுக்கு மட்டும் சொல்லுறன். அப்பாட்ட சொல்லக் கூடாது. இருபத்திநாலு ஓம், இருபத்தேழு இல்லை."

தலைக் கணக்கு என் வாயில் தானாக வந்துவிட்டது. "ஐம்பத்தொண்ணுதானம்மா வருது. ஒன்னைக் கழிச்சா ஐம்பத்தாறு இருக்கணுமே. மிச்சம் அஞ்சு பேரு எங்க?"

"எங்கட வியோலாக்காரர்தான் அந்த அஞ்சு பேரும். பரிசு வாங்கின ஆக்கள் வோட் போடக் கூடாதெண்டு தாங்களா விலகிட்டினம். அவை பேசவும் கூடாது. என்ர வாசிப்புத் தெரிஞ்சது அவைக்கு மட்டும்தான். மற்றவைக்கு நான் ஆர்? தங்கம் குடுத்த ஆளின்ர மகள்."

"அவுக ஓட்டுப் போட்டிருந்தா?"

"டூருக்கு வர முன்னமே அஞ்சு பேரும் தங்களுக்குள்ள ஓம் எண்டு முடிவெடுத்திட்டினமாம். கெஸ்லர்தான் முதலில சொன்னவராம். இண்டைக்குத்தான் எனக்குத் தெரியும்."

"அம்மா, அந்தக் காசு வாங்கப் போனப்ப நானும் கூட இருந்தேன்ம்மா. மரம் போட்டது நல்லாருக்குன்னு சொன்னது நான்தான்" என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

"பரவாயில்லை அன்ரி" என்றாள். அந்தப் பரவாயில்லையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அப்பாட்ட மட்டும் சொல்லாதேங்கோ. அவர் தாங்க மாட்டார். ஜூலை வரைக்கும் இருந்து வாசிக்கலாம். பேந்து பாப்பம்."

நான் சொல்லவில்லை. தினமும் அந்த மனிதர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் இருந்தேன். அவர் தன்னைத் தானே சமாதானம் பண்ணிக்கொள்ள ஒரு கதை கட்டி வைத்திருந்தார். அந்த ஜப்பான் பையனுக்கும் இல்லை என்றுதானே சொன்னார்கள், வெளியாளை அவர்கள் எடுக்க மாட்டார்கள், காசு கொடுக்காவிட்டாலும் இதுதான் நடந்திருக்கும் என்பார். "உப்பிடித்தான் நடந்திருக்கும், என்ன தங்கச்சி?" என்று கேட்பார். "ஆமா அண்ணே" என்பேன். மறுநாளும் கேட்பார். அந்த ஒரு கதையைப் பிடித்துக்கொண்டுதான் மெல்ல மெல்லச் சோறு இறங்க ஆரம்பித்தது.

ஏப்ரல் கடைசியில் வெயில் ஏறிவிட்டது. இங்கே வீட்டுக்குத் தபால் வராது, கம்பெனித் தபால் பெட்டிக்குத்தான் வரும். ஒரு நாள் மாலை அண்ணன் ஆபீஸிலிருந்து ஒரு பார்சலோடு வந்தார். ஜெர்மனித் தபால்தலை ஒட்டியிருந்தது. மதியமே வந்ததாம், பிரிக்கப் பயந்து அப்படியே கொண்டுவந்திருந்தார். லிப்ட் அன்றைக்கும் வேலை செய்யவில்லை. வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படியில் என்னைப் பார்த்து, "வா தங்கச்சி, நீயும் வா" என்றார்.

மேசையில் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு துணிப்பை, அதில் ஐந்து காசு, மரம் போட்டது. ஒரு அச்சடித்த கடிதம், ஆங்கிலத்தில். கூடவே சின்னதாக ஒரு அட்டை, கோணல்மாணலான கையெழுத்து. அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அட்டையை முதலில் எடுத்தார். ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வாசித்தார்.

"நான் பழத்தைச் சாப்பிட்டிட்டன். அதாலை எனக்கு வோட் போட ஏலாமல் போச்சுது. மன்னிக்கவும். உங்கட மகள் மிக நல்லா வாசிக்கிறவ. கெஸ்லர்."

"என்ன எழுதியிருக்கு?" என்று சமையலறையிலிருந்து அக்கா கேட்டார். சட்டியில் கத்தரிக்காய் பொரிகிற சத்தம்.

"ஒண்டுமில்லை. காசு திருப்பி அனுப்பியிருக்கினம்."

பிறகு கடிதத்தை விரித்தார். அதை அவர் வாய்விட்டு வாசிக்கவில்லை. விரல் ஒரு வரிக்குக் கீழே போய் நின்றது. அங்கேயே நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது, ஆனால் நம்பர் தெரியுமே. 24. 27. 5.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு முன்னமே தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துபோனது. ஒரு கட்டடத்துக்கு எத்தனை மூட்டை என்று கண் மூடித் திறப்பதற்குள் சொல்கிற மனிதர், ஐந்து காசையும் ஒவ்வொன்றாக விரலால் தள்ளி மேசையில் வரிசையாக வைத்தார்.

"தங்கச்சி, இருபத்திநாலும் அஞ்சும் எத்தினை?"

எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வருஷமாக எண்ணுகிற வாய்.

அவர் மறுபடியும் கேட்டார், கொஞ்சம் சத்தமாக.

"இருபத்தொம்பது" என்று சமையலறையிலிருந்து அக்கா சொன்னார். "உதென்ன கணக்கு, இந்த நேரத்தில? கை கழுவிக்கொண்டு வாங்கோ, சாப்பிடுவம்."